பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

“கையை எடுங்க!”

அமுதவள்ளி போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டரின் பட்டனைத் தொடப்போன வீரணனின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் மேஜைக்கடியில் குனிந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

டக்... டக்... டக்... என்று அடித்துக்கொண்டிருந்த பெட்டி ஒரு முனகலோடு அடங்கியது.

“இந்தச் சத்தத்தோட எத்தனை தடவை இதைப் போட்டுப் பாத்தீங்க?”

“அது ஆச்சு ஏழெட்டுத் தடவை” என்றாள் சிவரஞ்சனி. “போட்டா டக்கு டக்குங்குது. காமிராப் படத்தைத் தொறந்தா அப்படியே உறைஞ்சு நின்னுருது.”

“டிஸ்க்கு சாகுற சத்தம் அது. ஒவ்வொரு தடவை போடுறப்பவும் உள்ள இருக்கிற படத்தை அதுவே சொரண்டி அழிச்சிக்கிட்டு இருக்கும்.”

“இழுத்துக்கிட்டுக் கெடக்குற ஆளை மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. உக்கிரபாண்டி. பெயரில் மட்டும்தான் உக்கிரம். போடிமெட்டு மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தவன், இப்போது பாதி கடித்த எலுமிச்சம்பழத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜீப்பை ஓட்டியது அமுதவள்ளி.

சைபர் கிரைம் பிரிவில் எஸ்.ஐ.யாக இருந்து, மேலதிகாரி ஒருவரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு ராஜினாமா செய்தவள் அவள். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘அமுதா துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டி மூன்று வருடம் ஆகிறது. உக்கிரபாண்டி அவளுடைய உதவியாளன். வாய் மட்டும் ஓயாது.

வராந்தாவின் படிக்கட்டில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கற்பகம். அவள் புருஷன் பால்ராஜ் இந்த ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு பார்ப்பவன். பறித்து வரும் பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தி மூட்டை பிடிக்கும் கட்டிடம் இது. புதன்கிழமை சாயங்காலம், பால்ராஜ் சாப்பிடப் போன நேரத்தில், பூட்டிய குடோனிலிருந்து ஏழு மூட்டை முதல்தரக் காய் மாயமாகியிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே இரண்டு. ஒன்று போடியில் படுத்த படுக்கையாக இருக்கும் முதலாளி கோட்டைச்சாமியின் பீரோவில். இன்னொன்று பால்ராஜின் இடுப்பில்.

பால்ராஜை போலீஸ் காலையிலேயே கீழே கொண்டுபோய்விட்டது.

“வர்ற வழியில ஸ்டேஷன் எஸ்.ஐ.யைப் பாத்தீங்களே, என்ன சொன்னாரு?” என்று சிவரஞ்சனி தயங்கித் தயங்கிக் கேட்டாள். கோட்டைச்சாமியின் மகள். அப்பா படுத்ததிலிருந்து தோட்டமும் ஸ்டோரும் அவள் பொறுப்பு. காமிரா வைத்ததும், அதற்காகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும், இப்போது அமுதவள்ளியை வரவழைத்ததும் அவள்தான்.

“படத்துல வேற ஆளு தெரிஞ்சா கொண்டான்னாரு” என்றாள் அமுதவள்ளி. “இல்லேன்னா சாயங்காலம் பால்ராஜைக் கோர்ட்டுல நிறுத்திருவாங்க.”

படிக்கட்டிலிருந்து கற்பகம் எழுந்தாள். “எக்கா, அவரு ஒரு காய எடுத்து வாயில போட்டதில்லக்கா. மெசினு செத்துப்போச்சுன்னா எங்க வீட்டுக்காரரும் அம்புட்டுத்தானா?”

அமுதவள்ளி அறையின் மூலையில் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

“நீதான் இதை அசெம்பிள் பண்ணினியா?”

“ஆமாக்கா. சின்ராசு. போடியில கடை வச்சிருக்கேன்.” சட்டைக் காலர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கிழித்தவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. வீரணன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “என் கடையில ரெண்டு நாள் ஓட விட்டுப் பாத்துத்தான் குடுத்தேன். பூனை தூங்குற மாதிரி இருந்துச்சு. ஒரு சத்தம் கெடையாது.”

“பூனைதான், இப்ப எலி புடிக்குது” என்றார் வீரணன். சிவரஞ்சனியின் தாய்மாமன். ஐம்பது வயசு. வெள்ளை வேட்டி, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை. குடும்பத்துக்காக ஏலத்தில் உட்காருகிறவர் அவர்தான். “புதுசுன்னு சொல்லிப் பழைய சாமானைத் தலையில கட்டிட்டான் தாயி. இவனைச் சும்மா விடக்கூடாது.”

“சத்தம் எப்போ ஆரம்பிச்சது?”

“திருட்டுக்கு மறுநாள் காலையில போட்டப்போ” என்றாள் சிவரஞ்சனி.

அமுதவள்ளி பெட்டியின் முன்னால் மண்டி போட்டாள். கறுப்புப் பெட்டி. பக்கத் தகடும் சட்டமும் சேரும் இடுக்கின் மேலே, திருகைச் சேர்த்து மூடியபடி, காசு அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

“பூசை போட்டீங்களோ?”

“புது மெசினு எது வந்தாலும் எங்க வீட்டுல பொட்டு வைக்காம ஓட்ட மாட்டோம். நாந்தான் வச்சேன். போன ஞாயித்துக்கிழமை.”

“ஜீப்புக்குப் பொட்டு, டிரையருக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்கும் பொட்டு” என்று உக்கிரபாண்டி எலுமிச்சையை முகர்ந்தான். “எனக்கும் ஒண்ணு வச்சு விட்டிருந்தா வளைவுல வாந்தி வந்திருக்காது.”

அமுதவள்ளி ஆள்காட்டி விரலால் பொட்டின் ஓரத்தைத் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“சின்ராசு, ஸ்க்ரூ டிரைவர்.”

திருகு சுழன்றது. பொட்டு இரண்டாகப் பிளந்தது. தகடு கழன்று வந்ததும் உள்ளே கம்பிகளும் விசிறிகளும் தெரிந்தன. அடியில், இரும்பு டிபன் டப்பாவைத் தட்டையாக்கிய மாதிரி ஒரு கனத்த டிஸ்க்.

“இப்ப ஒரே ஒரு தடவை போடப்போறேன்.”

“வேணாங்க்கா!” சின்ராசு பதறினான். “நீங்கதானே சொன்னீங்க, போடப் போட அழியும்னு?”

“அதுக்குத்தான்.” டிஸ்க்கோடு சேர்ந்த ரெண்டு வயர்களையும் பிடுங்கித் தனியே விட்டாள். “இப்ப அது சாப்பாடு தண்ணி இல்லாம ஓரமா உக்காரட்டும். மத்ததுல யாரு சத்தம் போடுறாங்கன்னு பாப்போம்.”

ப்ளக்கைச் செருகிப் பட்டனை அழுத்தினாள். ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியின் சட்டத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள்.

வெளியே தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் ஜன்னல் வரை ஏறி வந்து நின்றது.

டக் டக் இல்லை. ஆனால் வேறொரு சத்தம். கடகட... கடகட... சில்லறைப் பையைக் குலுக்கின மாதிரி, நின்று நின்று வந்தது.

“அக்கா” என்றான் உக்கிரபாண்டி, திரையைப் பார்த்தபடி. “டிஸ்க்கைப் புடுங்கினப்புறமும் முழிச்சிக்கிச்சு. என்னைய எழுப்புறதைவிட வெரசா எந்திரிச்சிருச்சே!”

திரையில் நீல வெளிச்சம் முழுதாக விரிந்திருந்தது. அமுதவள்ளி அதைப் பார்த்தாள். கண் சிமிட்டாமல் பார்த்தாள். அடுத்த நொடி பட்டனை அழுத்தி அணைத்துவிட்டாள்.

“சின்ராசு, இங்க வா.”

வந்தவன் காதருகே குனிந்து ஏதோ ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் முகம் வெளிறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினான்.

“இப்போதைக்கு வாயைத் தொறக்காதே” என்றாள்.

“என்ன ரகசியம்?” வீரணன் ஓர் அடி முன்னால் வந்தார்.

“அவன் தப்பை ஒத்துக்கிட்டான். வேற ஒண்ணும் இல்ல.”

“நான் சொல்லல?” வீரணன் மருமகள் பக்கம் திரும்பினார்.

அமுதவள்ளி இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக் குலுக்கினாள். விசிறியின் பின்னாலிருந்து ஏதோ உருண்டு வந்து மேஜையில் விழுந்தது. பச்சையாய், பருத்து, முனை கூராக.

ஏலக்காய்.

“கடகடன்னது இவருதான்” என்றான் உக்கிரபாண்டி. “விசிறியில இடிச்சு இடிச்சு ஊஞ்சலாடியிருக்காரு.”

“ஏலக்காய் ஸ்டோர்ல ஏலக்காய் கெடக்காம கருவாடா கெடக்கும்?” வீரணன் சிரித்தார்.

“மேஜையில கெடக்கலாம். தரையில கெடக்கலாம். திருகு போட்டு மூடின பெட்டிக்குள்ள எப்படிப் போகும்?” அமுதவள்ளி டிஸ்க்கின் திருகுகளைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். டிஸ்க் கைக்கு வந்தது. சின்ராசுவிடம் நீட்டினாள். “இது நீ போட்டதா?”

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். “எக்கா! இது நான் போட்டது இல்லக்கா! இது அவுக பழைய பெட்டியோட டிஸ்க்கு. போன மாசமே டக்கு டக்குன்னு அடிச்சுச் செத்துப்போச்சு. அதனாலதானே புதுசே வாங்கினாக!”

சிவரஞ்சனியின் கை வாய்க்குப் போனது.

“ஆக, டிஸ்க்கு இப்போ சாகல” என்றாள் அமுதவள்ளி. “எப்பவோ செத்த பொணத்தைக் கொண்டாந்து உள்ள படுக்க வச்சிருக்காங்க. நாம எல்லாரும் சேந்து அதுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

“வச்சவன் இவன்தான்!” வீரணனின் விரல் சின்ராசுவின் மூக்கு வரை போனது. “பழைய டிஸ்க்கைச் சுருட்டிக்கிட்டுப் போயி, புதுப் பெட்டிக்குள்ள சொருகிக் குடுத்திருக்கான்!”

“பழைய பெட்டி எங்க?”

“பரண்ல” என்றாள் சிவரஞ்சனி. “அது இங்கிருந்து எறங்கவே இல்ல.”

“உக்கிரம், ஏறு.”

“மலையில ஏறினது போதாதுன்னு பரண் வேறயா?” முனகிக்கொண்டே ஏணியில் ஏறியவனின் கால்கள் மட்டும் தெரிந்தன. தும்மல் கேட்டது. இன்னொரு தும்மல். “எக்கா, பெட்டி வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. வயித்துக்குள்ள டிஸ்க்கு இல்ல. மேல பூரா ஒட்டடை. கதவுல மட்டும் கைபட்ட எடம் பளிச்சுன்னு இருக்கு. புதுசா கழட்டினதுதான்.”

வீரணன் அசரவில்லை. சாவகாசமாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“இந்தா பாரு தாயி, நானும் கொஞ்சம் துப்பறியுறேன். ரஞ்சனி பொட்டு வச்சது எதுக்கு மேல? திருகுக்கு மேல. நீ கழட்டுறப்போ அந்தப் பொட்டு எப்படி இருந்துச்சு? முழுசா இருந்துச்சு. எல்லாரும் பாத்தோம். அப்போ பூசைக்கு அப்புறம் பெட்டியை யாரும் தொறக்கல. டிஸ்க்கை மாத்தினது பூசைக்கு முன்னாடி. மூணு நாள் அடங்கிக் கெடந்துட்டு வியாழக்கிழமை டக்கு டக்குன்னு ஆரம்பிச்சிருக்கு. பூசைக்கு முன்னாடி பெட்டி யாரு கையில இருந்துச்சு? அன்னைக்கு இதை மாட்ட மேல வந்தது யாரு?”

சின்ராசு அமுதவள்ளியைப் பார்த்தான். சிவரஞ்சனிகூட அவனை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். கற்பகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாமன் சொல்வது சரியென்றால் புதன்கிழமையின் படம் எங்குமே பதிவாகவில்லை. பால்ராஜுக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் எதுவும் இல்லை.

“பிரமாதம்” என்றாள் அமுதவள்ளி. நிஜமாகவே பாராட்டுகிற குரல். “அந்தப் பொட்டைப் பத்தி யாரு பேசுவாங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். சிவரஞ்சனி, இதை மோந்து பாருங்க.”

பிளந்த பொட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையில் வழித்து நீட்டினாள்.

சிவரஞ்சனி முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. “வாசமே இல்லையே!”

“தொடுங்க.”

“ஒட்டுது... பிசுபிசுன்னு.”

“ஞாயித்துக்கிழமை வச்ச சந்தனம் இந்நேரம் காஞ்சு, கம்ப்யூட்டர் சூட்டுல வெடிச்சு, உதுந்திருக்கணும். இது சந்தனமே இல்ல. சின்ராசு, பிராசஸருக்கு மேல தடவுற வெள்ளைப் பசை, சூடு கடத்துறதுக்கு... மிச்சத்தை என்ன பண்ணுவே?”

“ஊசிக் குழாயோட கஸ்டமர்கிட்டயே குடுத்துருவேன். மேஜை டிராயர்ல வச்சேன்.”

உக்கிரபாண்டி அதற்குள் டிராயரை இழுத்திருந்தான். ஊசி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே வெள்ளைப் பசை. ஆனால் அதன் வாய் மட்டும் மஞ்சளாக இருந்தது.

“மஞ்சப்பொடியும் குங்குமமும் அந்தச் சாமி படத்துக்கிட்டயே இருக்கு” என்றாள் அமுதவள்ளி. “சந்தனம்தான் இல்ல. அது வீட்டுல அரைச்சுக் கொண்டுவர்றது. பெட்டியைத் தொறந்தவரு திருகைச் சுத்தினதும் காஞ்ச பொட்டு உதிர்ந்து போச்சு. அவசரத்துக்குப் பசையில மஞ்சளைக் குழைச்சாரு. எனக்கு அப்பவே ஒண்ணு உறுத்துச்சு. வெளியூர்த் திருடன் பொட்டைப் பத்திக் கவலைப்படுவானா? உதிர்ந்தா உதிரட்டும்னு போயிருப்பான். பொட்டில்லாத மெசினைப் பாத்தா இந்த வீட்டுப் பொண்ணு அடுத்த நிமிசமே கேள்வி கேக்கும்னு பயப்படுறது யாரு? இந்த வீட்டு ஆளு.”

கீழே எங்கோ ஒரு ஜீப் கியர் மாற்றி ஏறும் ஓசை.

“அந்த ஏலக்காய்” என்று அவள் மேஜையைக் காட்டினாள். “குனிஞ்சு வேலை பாக்கிறப்போ எங்கிருந்து விழுந்திருக்கும், வீரணன்?”

வீரணனின் வலது கை இடது முழங்கைக்குப் போனது. மடித்துவிட்ட சட்டைக் கையின் மடிப்பை விரல்கள் தன்னிச்சையாகத் தடவின. அங்கேயே நின்றன.

“நான் கேக்கத்தான் செஞ்சேன். உங்க கை எங்க போச்சுன்னு நீங்களே பாருங்க.”

“ஏலத்துல மாதிரிக் காயை அள்ளிப் பாத்துட்டு வீசுறது வழக்கம்தானே” என்றான் உக்கிரபாண்டி. “ஏலம் முடிஞ்சு வர்றவுக சட்டையை உதறினா ஒரு வீட்டுப் பாயசத்துக்கு ஆகும். புதன்கிழமை ஏலத்துக்குப் போனீகளா மாமா?”

“போனேன். முடிஞ்சு நேரா தேவாரம் ஊருல ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன். மேல ஏறவே இல்ல.” வீரணன் மடிப்பை விசுக்கென்று பிரித்து உதறினார். “எங்க, விழுகுதா பாரு!”

“விழ வேண்டியது புதன்கிழமையே விழுந்துருச்சே.”

“மாமா...” சிவரஞ்சனியின் குரல் உடைந்தது. “அப்பா பீரோ சாவி... செவ்வாக்கிழமை அப்பாவுக்கு மாத்திரை குடுக்க நீங்கதானே பீரோவைத் தொறந்தீங்க?”

வீரணன் எழுந்தார். மடிப்பை நிதானமாகத் திரும்ப மடித்தார். முகத்தில் இருந்த மாமன் எங்கோ போய்விட்டார்.

“பத்து வருசம் இந்த ஸ்டோரைக் கட்டிக் காத்தவன் நான். உங்கப்பன் விழுந்ததும் நேத்துப் பொறந்த கழுதை நீ வந்து எனக்குக் காமிரா வைக்கிறே.” அமுதவள்ளி பக்கம் திரும்பினார். “சரி தாயி. கழட்டினது நான்னே வச்சுக்கோ. இதெல்லாம் கோர்ட்டுல நிக்குமா? பிசுபிசுன்னு ஒரு பொட்டு. ஒரு ஏலக்காய். இவன் கடையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே இவன் மாட்டுறதைப் பூராப் பாத்தேன். படமெல்லாம் எதுல பதியும்னு கேட்டேன். இவனே தொட்டுக் காட்டினான், இந்த டிஸ்க்குலதான்னு. அந்த டிஸ்க்கு இப்ப எங்க தெரியுமா?”

ஸ்டோரின் பக்கம் தலையை ஆட்டினார்.

“உலர்த்துற அடுப்புக்குள்ள. ரெண்டு நாள் எரிஞ்சாச்சு. சாம்பல்ல படம் பாரு.”

கற்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எக்கா” என்றான் உக்கிரபாண்டி. முதல்தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை. “சாயங்காலம் ஆகப்போகுது.”

“தெரியும். சின்ராசு, இப்ப வாயைத் தொறக்கலாம். நான் உன் காதுல என்ன கேட்டேன்?”

சின்ராசு முன்னால் வந்தான். “டிஸ்க்கே இல்லாம கம்ப்யூட்டர் எந்திரிச்சிருச்சே, அப்போ காமிராப் படமும் அந்த டிஸ்க்குல பதியாம வேற எடத்துலதான் பதிஞ்சுச்சான்னு கேட்டீக.”

“சொல்லு.”

“விண்டோஸ் போட்டது அந்த டிஸ்க்குல இல்லைங்க. போர்டுலயே ஒட்டியிருக்கிற இந்தப் பட்டையில.” அவன் விரல் பெட்டிக்குள் போய், விரல் நீளம்கூட இல்லாத ஒரு கறுப்புப் பட்டையைத் தொட்டது. பார்த்தால் யாரும் அதை ஒரு பொருளாகவே மதிக்க மாட்டார்கள். “எஸ்.எஸ்.டி. காமிரா சாப்ட்வேரைப் போட்டா அதுவா இதுலதான் பதிய ஆரம்பிக்கும். அப்புறமா பெரிய டிஸ்க்குக்கு நாமதான் மாத்தி விடணும்.” தலையைக் குனிந்துகொண்டான். “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கடைசி ஜீப்பு கெளம்பிருச்சுன்னு ஓடிட்டேன். மாத்த மறந்துட்டேன். எல்லாரையும் டிஸ்க்குலயே தேட விட்டுட்டேன்.”

“அதைத்தான் தப்பை ஒத்துக்கிட்டான்னு சொன்னேன்” என்றாள் அமுதவள்ளி. பட்டனை அழுத்தினாள்.

இந்தத் தடவை டக் டக் இல்லை. கடகட இல்லை. பூனை தூங்குகிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல்.

வீரணன் வாசலை நோக்கி ஓர் எட்டு வைத்தார். வாசலில் உக்கிரபாண்டி எலுமிச்சம்பழத்தோடு நின்றான். “வளைவெல்லாம் ரொம்ப மோசம் மாமா. தனியா எறங்காதீக.”

சின்ராசு புதன்கிழமையைத் தேடித் திறந்தான். குடோன் வாசல். மங்கலான வெளிச்சம். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்ட ஓர் ஆள், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். பாதியில் நின்றார். தலையை நிமிர்த்தி, நேராகக் காமிராவைப் பார்த்தார்.

அடுப்பில் போட்டு எரிக்கப்போகிற படம்தானே என்று, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார் வீரணன்.